2வது கியர்ல பெடல் சும்மா சுத்துறது பத்தி

கியர் கேபிள் லூஸா இருக்கு, ஹப் (பின் வீல் நடுவுல கியர் இருக்கிற உருளை) கெட்டுப் போகல. 64ம் வருஷ ஸ்டர்மி ஆர்ச்சர் ஏடபிள்யூ, அதாவது மூணு கியர் ஹப், பொண்ணோட 20 இன்ச் சைக்கிள்ல மாட்டினதும் 2வது கியர்ல பெடல் சும்மா சுத்துதுன்னு சொல்றீங்க, இந்த மாடல்ல 2க்கும் 3க்கும் நடுவுல ஒரு நியூட்ரல், அதாவது எந்த கியரும் பிடிக்காத இடம் இருக்கு, கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலே அதுல போய் விழுந்துடும்.

லீவரை 2ல வச்சிட்டு பின் வீலோட வலது பக்க நட்டுல இருக்கிற ஓட்டை வழியா பாருங்க. கேபிள் நுனியில சேர்ற குட்டிச் செயினோட (பெடல் செயின் இல்ல) வர்ற குச்சியோட முனை ஆக்ஸில் முனைக்குச் சமமா நிக்கணும். உள்ள போயிருந்தா கேபிளை டைட் பண்ணுங்க.

அதுக்கப்புறமும் திரும்பத் திரும்ப லூஸாச்சுன்னா எனக்கு சந்தேகம் ஃப்ரேம்ல கேபிளைப் பிடிக்கிற கிளிப் மேலதான். அது பெரியவங்க சைக்கிள் பைப்புக்கு செஞ்சது, சின்னப் பைப்புல வழுக்கும். கிளிப் ஓரத்துல ஃப்ரேம் மேல மார்க்கர்ல கோடு போட்டுட்டு பத்து தடவை கியர் மாத்திப் பாருங்க, கிளிப் கோட்டை விட்டு நகர்ந்திருந்தா, அதுக்கு அடியில பைப்புல பழைய ட்யூப் துண்டு சுத்தி இறுக்கிடுங்க. (நான் இது தெரியாம ஹப்பையே பிரிச்சுப் போட்டு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க பால்ஸ் பொறுக்கினேன்.)

பல்லு வச்ச வாஷர் ரெண்டு பக்கமும் போட்டீங்களா? அது இல்லன்னா ஆக்ஸிலே திரும்பிடும்.

இது சரியாகுற வரைக்கும் பொண்ணை எழுந்து நின்னு மிதிக்க விடாதீங்க, நியூட்ரல் விழுந்தா நேரா ஹேண்டில்பார் மேலதான் விழுவா. பழைய வீல்ல பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக் இருந்துச்சுன்னா, ஏடபிள்யூல அது கிடையாது, தனியா ரிம் பிரேக் மாட்டணும்.