ஆஃப் ஒயிட் அடித்தும் ஹால் ஏன் வெளிறித் தெரிகிறது?

கேள்வி: புது வீட்டு ஹாலுக்கு ஆஃப் ஒயிட் அடித்தோம். ஷேட் கார்டில் கிரீமாக இருந்த நிறம், சுவரில் ஆஸ்பத்திரி போல வெளிறித் தெரிகிறது. மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டுமா?
– திருச்சி வாசகி

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் பல்பைப் பாருங்கள். பல வீடுகளில் எரிவது 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) கூல் டேலைட் எல்இடி. அதன் நீலச் சாயல், கிரீமில் இருக்கும் மஞ்சளை அமுக்கிவிடும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் மாட்டிப் பாருங்கள். இரவில் அறையின் முகமே மாறும்.

பகலிலும் வெளிறியே தெரிந்தால்தான் பெயின்ட் செலவு. 2 அடிக்கு 2 அடி அட்டையில் சாம்பிளை இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். வடக்கு ஜன்னல் மட்டும் உள்ள அறைக்கு மஞ்சள் சாயல் வெள்ளை. மேற்கு வெயில் அடிக்கும் அறைக்குச் சாம்பல் சாயல் வெள்ளை. பளபளக்கும் ஃபினிஷ் வேண்டவே வேண்டாம், பட்டி பார்த்ததில் உள்ள மேடுபள்ளத்தை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கழுவக்கூடிய மேட் எமல்ஷன் போதும்.

வெளிர் அறைக்குக் களை தருவது நெசவுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். சாயம் போடாத கைத்தறிப் பருத்தியில் திரை, தரையில் கோரைப்பாய், தேக்கு நாற்காலி ஒன்று. திரைக்கு ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள். குறைந்தால் மடிப்பு விழாமல் பலகை மாதிரி தொங்கும். தைக்கும் முன் துணியை ஓர் இரவு நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, தரையைத் தொடாமல் மேலே ஏறி நிற்கும்.