எங்கள் சண்டை கேமில் இன்னொருவரின் பாத்திரத்தைச் சேர்க்கலாமா?

கேள்வி: கொக்குவிலில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு சண்டை கேம் செய்கிறோம். சொந்தப் பாத்திரங்கள் ஆறு பேர் தயார். அடுத்த வருடம் ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வெளியிட எண்ணம். மோர்டல் கொம்பாட், டெக்கென் போன்ற பெரிய சண்டை கேம்கள் செய்வதுபோல, எல்லோருக்கும் தெரிந்த ஒரு வெளிநாட்டுப் பாத்திரத்தை விருந்தாளியாகக் கொண்டுவந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். அனுமதியை யாரிடம் கேட்பது? எவ்வளவு காசு போகும்? இலவசமாகக் கொடுத்தால் அனுமதியே தேவையில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: கடைசிக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நண்பர் சொன்னது சரியில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பைப் பிரதி எடுப்பதும் மாற்றி அமைப்பதும் பொதுமக்களுக்குக் கொடுப்பதும் உரிமையாளரின் உரிமை. நீங்கள் காசு வாங்கவில்லை என்பதால் அந்த உரிமை உங்கள் கைக்கு வந்துவிடாது. நம் ஊரில் முன்பள்ளிச் சுவரிலும் ஐஸ்கிரீம் கடைப் பலகையிலும் மிக்கி மவுஸைப் பார்த்தே வளர்ந்தோம், யாரும் வழக்குப் போடவில்லை. ஆனால் அந்தச் சுவர் அமெரிக்காவுக்குத் தெரியாது. ஸ்டீமில் போட்ட கேமை உரிமையாளரின் வக்கீல் அன்றைக்கே பார்க்கலாம். ஒரு முறைப்பாடு போனால் கேம் கடையிலிருந்து இறங்கிவிடும்.

இது நடந்த கதைதான். மை லிட்டில் போனி கார்ட்டூனின் ரசிகர்கள் சிலர் அந்தக் குதிரைக்குட்டிகளை வைத்து ஒரு சண்டை கேமை இலவசமாகக் கொடுக்கவே செய்துகொண்டிருந்தார்கள். 2013இல் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடமிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது, வேலை நின்றது. பிறகு அந்தக் கார்ட்டூன் தொடரை உருவாக்கிய லோரன் ஃபாஸ்டே அவர்களுக்குப் புதிய பாத்திரங்களை வரைந்து கொடுத்தார். அந்தக் கேம் 'தெம்ஸ் ஃபைட்டின் ஹேர்ட்ஸ்' என்ற பெயரில் 2020இல் வெளிவந்தது. அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. நீங்கள் அதை நம்பி இறங்க வேண்டாம்.

சரி, அனுமதி கேட்பது என்றால் எதற்குக் கேட்பது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பாத்திரம் ஒரே பொருள். ஒப்பந்த மேசையில் அது நாலைந்து துண்டு: உருவம், பெயர், நடிகரின் முகம், குரல், இசை. ஒவ்வொன்றுக்கும் வேறு சொந்தக்காரர் இருக்கலாம். 2019இல் வந்த மோர்டல் கொம்பாட் 11இல் டெர்மினேட்டருக்கு ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகரின் முகம் இருக்கிறது, குரல் அவருடையது அல்ல, வேறொரு நடிகருடையது. அதே கேமில் ரோபோகாப்புக்கு, பழைய படத்தில் நடித்த பீட்டர் வெல்லரே குரல் கொடுத்தார். ஆகவே பாத்திரத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தத் துண்டுக்கு என்று கேளுங்கள்.

அடுத்தது காலம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சோல்கேலிபர் 2 என்ற சண்டை கேம் வீட்டில் விளையாடும் கேம் கருவிகளுக்கு வந்தபோது ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விருந்தாளி: நின்டென்டோ கேம்கியூபில் நின்டென்டோவின் செல்டா கேம் நாயகன் லிங்க், எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் நாயகன் ஸ்போன், பிளேஸ்டேஷனில் டெக்கெனின் ஹெய்ஹாச்சி. 2013இல் அதே கேமை மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். ஸ்போனும் ஹெய்ஹாச்சியும் வந்தார்கள், லிங்க் வரவில்லை. மார்வெல் நாயகர்களை வைத்து காப்காம் என்ற கேம் நிறுவனம் செய்த இரண்டு கேம்கள் 2013இன் கடைசியில் இணையக் கடைகளிலிருந்து இறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று திரும்பிவர மூன்று வருடம் ஆனது. இவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை. ஆகவே ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, முடிந்த பிறகு ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாமா, பிழை திருத்தம் வெளியிடலாமா, எந்தெந்தக் கருவிகளில், எந்தெந்த நாடுகளில் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் கதைத்தது, வாட்ஸப்பில் வந்த பெருவிரல் குறி, இவையெல்லாம் அனுமதி ஆகாது.

காசைவிட அதிகம் களைக்க வைப்பது ஒப்புதல் எடுப்பதுதான். விருந்தாளி எப்படி நிற்பார், எப்படி அடிப்பார், எப்படி விழுவார் என்பதையெல்லாம் உரிமையாளர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். 2008இல் மோர்டல் கொம்பாட்டும் டிசி நாயகர்களும் மோதிய கேமில், அந்தத் தொடரின் அடையாளமான கொடூர இறுதி அடியை சூப்பர்மேன், பேட்மேன் போன்ற நல்லவர்கள் செய்யவில்லை. அவர்களுக்கென்று மென்மையான முடிவு ஒன்றை அமைத்தார்கள். என் சொந்த அனுபவம் கேமில் இல்லை, பள்ளிக் கொப்பியில். யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்றின் உரிமத்தை முறையாக எடுத்துக் கொப்பி அட்டை அடித்தது. நான் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டேன். பாத்திரத்தின் தொப்பி மஞ்சள் நாம் வாங்கிய தாளில் கொஞ்சம் செம்மஞ்சளாக விழுந்தது. மாதிரித் தாளைக் கொழும்புக்கு அனுப்பினோம், திரும்பி வந்தது. மையைக் குறைத்து அனுப்பினோம், மறுபடி வந்தது. மூன்றாவது முறைதான் சரி சொன்னார்கள். அதற்குள் ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது, கொப்பி வாங்க வேண்டிய பிள்ளைகள் வாங்கி முடித்துவிட்டார்கள். ஒரு தொப்பிக்கே அவ்வளவு. நீங்கள் ஒரு பாத்திரத்துக்கு நூற்றுக்கணக்கான அசைவுப் படங்கள் வரைவீர்கள். எத்தனை நாளுக்குள் பதில் தருவார்கள், பதில் வராவிட்டால் ஒப்புதல் என்று எடுக்கலாமா என்பதை ஒப்பந்தத்தில் போடுங்கள்.

காசுக்கு நிலையான விலை கிடையாது. பொதுவாக இரண்டு பகுதி: விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்குமேல் விற்பனையில் ராயல்டி, அதாவது ஒரு பங்கு. ராயல்டியில் வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், எதன்மேல் என்று பாருங்கள். உதாரணத்துக்கு உங்கள் கேம் 10 டொலர், ராயல்டி 8 வீதம் என்று வையுங்கள். ஸ்டீம் வழமையாக 30 வீதம் எடுத்துக்கொண்டு உங்களுக்கு 7 டொலர் தரும். 10இல் கணக்கிட்டால் ஒரு பிரதிக்கு 80 சதம், 7இல் கணக்கிட்டால் 56 சதம். 5,000 பிரதி விற்றால் வித்தியாசம் 1,200 டொலர். நம் ஊர்ப் பொடியங்களுக்கு அது சின்னக் காசில்லை.

இதையெல்லாம் சொல்வது உங்களைப் பின்வாங்க வைக்க அல்ல. உங்கள் அளவுள்ளவரிடம் கேளுங்கள் என்பதற்காகத்தான். பெரிய நிறுவனங்கள் முதல் கேம் செய்யும் குழுவின் மின்னஞ்சலுக்குப் பெரும்பாலும் பதில் போடாது. ஆனால் சிறிய குழுக்கள் தங்களுக்குள் பாத்திரங்களைக் கொடுத்து வாங்குகின்றன. ரைவல்ஸ் ஆஃப் ஈத்தர் என்ற சிறிய சண்டை கேமில் வேறு கேம்களின் நாயகர்களான ஷவல் நைட்டும் ஓரியும் விருந்தாளிகளாக வந்தார்கள். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஓரியை உருவாக்கியது மூன் ஸ்டூடியோஸ், உரிமை மைக்ரோசாஃப்டிடம். வரைந்தவர் சரி சொன்னால் போதாது, சொந்தக்காரர் சரி சொல்ல வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ கேம் செய்யும் ஒரு குழுவைப் பிடித்து, உங்கள் ஆள் அவர்கள் கேமிலும் அவர்கள் ஆள் உங்கள் கேமிலும் வர ஏற்பாடு செய்தால் காசே கைமாறாமல் முடியலாம். அதற்கும் எழுத்து வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. கல்கி 1954இல் இறந்தார். இங்கே ஆசிரியர் இறந்து 70 வருடம்வரைதான் பதிப்புரிமை, அது முடிந்துவிட்டது. தமிழ்நாடு அரசும் அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. வந்தியத்தேவன் யாரிடமும் கேட்காமலே உங்கள் மேடையில் வாள் உருவலாம். ஆனால் எழுத்தில் உள்ள வந்தியத்தேவன் மட்டும். ஓவியர் மணியம் வரைந்த உருவம் வேறு, படத்தில் வந்த முகமும் உடையும் வேறு. புத்தகத்தைத் திறந்து வைத்து நீங்களே புதிதாக வரையுங்கள். அமெரிக்கா, ஐரோப்பாவிலும் விற்பதால் அங்குள்ள காலக் கணக்கை ஒரு வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

யாரை அழைத்தாலும், விருந்தாளியைத் தனித் தரவிறக்கமாக வையுங்கள். கதைப் பகுதி அவரில் தொங்கக் கூடாது. கேமின் முகப்புப் படத்திலும் அவர் வேண்டாம். வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய கோப்புகளை முழுவதும் அழித்துவிட்டு, உங்கள் ஆறு பேரோடு மட்டும் கேமைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நின்றால் அந்த இடத்தை இப்போதே திருத்துங்கள்.