பளபளக்குற ஆர்எக்ஸ் 100 எடுக்கலாமா, துருப்பிடிச்சது எடுக்கலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் மன்னார்குடி பக்கம். ரொம்ப நாளா ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வாங்கி பத்திரமா வச்சுக்கணும்னு ஆசை. ரெண்டு வண்டி பாத்திருக்கேன். ஒண்ணு தஞ்சாவூர்ல, 1987 மாடல், டிஎன்-49 நம்பர், ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணது, ஜப்பான் இன்ஜின்னு சொல்லி 1,70,000 கேக்குறாரு, கூடவே பழங்கால வண்டிகளுக்குன்னு இருக்குற வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷனும் ஆயிடும்ங்கறாரு. இன்னொண்ணு திருத்துறைப்பூண்டியில ஒரு விவசாயி வீட்டுல, 1993, சிங்கிள் ஓனர், பெயிண்ட் மங்கி மட்கார்டெல்லாம் துரு, 95,000. வீட்ல எல்லாரும் பளபள வண்டியத்தான் எடுக்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: தம்பி, எனக்கு திருத்துறைப்பூண்டி வண்டி மேலதான் மனசு போகுது, ஆனா ரெண்டையும் நேர்ல பாக்காம ஒத்த ரூபா அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

தஞ்சாவூர் வண்டியில எனக்கு மொதல்ல இடிக்கிறது அந்த நம்பர்தான். டிஎன்-49 மாதிரி நம்பரெல்லாம் 1989ல புது மோட்டார் வாகனச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் வந்தது, 1987ல ரோட்டுக்கு வந்த வண்டின்னா பழைய மூணெழுத்து நம்பர் இருக்கணும். காரணம் ஏதாவது இருக்கலாம், ஆனா ஆர்சியில முதல் பதிவு தேதி என்னன்னு பாத்துட்டு பேசுங்க. வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் ஆயிடும்னு அவர் சொன்னது சுத்தமா தப்பு, 2021ல வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டணும், ஆர்எக்ஸ் 100 நம்ம நாட்டுல வந்ததே 1985ல, அப்ப 2035க்கு முன்னாடி எந்த ஆர்எக்ஸ் 100க்கும் அது கெடையாது.

அடுத்து இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர். ரெண்டுமே 1எல்1னு ஆரம்பிக்கணும், ஆர்சியோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். ஹேண்டில் கழுத்துல இருக்குற சேசிஸ் நம்பர மண்ணெண்ணெய் துணியால தொடச்சுட்டு டார்ச்ச பக்கவாட்டுல சாச்சு அடிச்சுப் பாருங்க. பவுடர் கோட்டிங் அடிச்ச வண்டியில எழுத்தோட பள்ளம் ரொம்பி மழுங்கி கெடக்கும், அது கூட பரவால்ல, ஆனா எழுத்த சுத்தி மட்டும் இரும்பு வழவழன்னு கிரைண்டர் ஓடின மாதிரி இருந்தாலோ ஒரு எழுத்து மேல ஒண்ணு கீழ நின்னாலோ பேசாம கெளம்பி வந்துருங்க.

இன்ஜின் விஷயத்துல நம்ம ஊர்ல ரொம்ப நடக்குறது என்னன்னா ஆர்எக்ஸ் 135 இன்ஜின தூக்கி 100 ஃபிரேம்ல வச்சு விக்கிறது. ஓட்டிப் பாக்கும்போது கியர எண்ணுங்க, ஆர்எக்ஸ் 100க்கு நாலே கியர்தான், அஞ்சாவது விழுந்துச்சுன்னா அது வேற வண்டியோட இன்ஜின். நாலு கியர் இருக்குன்னு உடனே நம்பிடவும் முடியாது, 135லயும் நாலு கியர் உண்டு, அதுக்கு இன்ஜின் ஹெட்ட கழட்டி போர், அதாவது சிலிண்டரோட உள்விட்டம், அளந்தாத்தான் தெரியும். 100க்கு போரும், பிஸ்டன் மேல கீழ போற தூரமான ஸ்ட்ரோக்கும் 50 மிமீ, 98 சிசி. 135க்கு ஸ்ட்ரோக் அதேதான், போர் 58, அது 132 சிசி. தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு ரீபோர் பண்ணியிருந்தாக்கூட 50ல இருந்து ஒரு மில்லி கூடியிருக்கும், எட்டு மில்லி கூடாது. கழட்டினதோட பிஸ்டன் தலையில பெரிய சைஸ்னு காட்டுற ஓவர்சைஸ் அச்சு இருக்கான்னும் பாத்துடுங்க, எத்தன ரீபோர் ஆயிருக்கும்னு அதுலயே ஓரளவு தெரிஞ்சுடும்.

ஜப்பான் இன்ஜின்ங்கற பேச்சுக்கு தனியா காசு குடுக்காதீங்க. ஆரம்பத்துல வந்த வண்டிகள்ல ஜப்பான் பார்ட்ஸ் நெறைய இருந்துச்சு, அது உண்மை, ஆனா ஜப்பான் அச்சு இருக்குற நாலு பார்ட்ஸ தேடிப் புடிச்சு பின்னாடி வந்த வண்டியில மாட்டிட்டு விக்கிறவங்களும் இருக்காங்க. நான் பாக்குறது ஆயில் பம்ப்ப. ஆக்ஸிலரேட்டர் கேபிள் ரெண்டா பிரிஞ்சு ஒண்ணு கார்புரேட்டருக்கும் ஒண்ணு டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஊத்துற டூடி ஆயில் பம்புக்கும் போகணும். பாதி மெக்கானிக்குங்க அந்த பம்ப்ப கழட்டிப் போட்டுட்டு பெட்ரோல்லயே ஆயில கலந்து ஊத்திக்கங்கன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் பம்ப் வேலை செய்யுதுன்னா அந்த வண்டிய ஒருத்தர் ஒழுங்கா பாத்துக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். எனக்கு அது பளபள பெயிண்ட விட பெருசு.

விவசாயி வண்டியிலயும் பாக்க வேண்டியது இருக்கு. நெல் மூட்டை கட்டுறதுக்கு கேரியர் வெல்டு வச்சிருந்தா ஃபிரேம்ல தடம் இருக்கும், சீட்ட தூக்கிப் பாருங்க. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் கொஞ்ச வருஷம் நின்ன வண்டின்னா உப்புக்காத்து மட்கார்டுக்கு அடிப்பக்கம் தின்னுருக்கும், மேல தெரியாது. ஆர்சி 2008லயே முடிஞ்சிருக்கும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சிருக்காங்களான்னு கேளுங்க, இல்லன்னா புதுப்பிச்சு குடுத்தாத்தான் முழுப் பணம்னு பேசிக்கங்க. ஓனர் பெரியவர் இப்ப இல்லன்னா மொதல்ல வாரிசு பேருக்கு மாத்தணும், அதுக்கப்புறம்தான் உங்க பேரு.

வாங்கினப்புறம் அந்த துரு மட்கார்ட தூக்கி எறிஞ்சுடாதீங்க, கடையில கெடைக்கிறது தகரம் ரொம்ப மெலிசு. பழசையே குரோம் போட குடுங்க. சாரி கார்டு, செயின் கவர், டூல்ஸ் பை எது கெடச்சாலும் ஒரு சாக்குல போட்டு வச்சுக்கங்க.

கேள்வி: கும்பகோணத்துலேர்ந்து எழுதுறேன். அப்பாவோட 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு வண்டி, கொட்டகையில நிக்குது. கூரைய கழட்டி ஓபன் ஸ்போர்ட்ஸ் காரா மாத்திட்டா டபுள் ரேட்டுக்குப் போகும், இல்லன்னா கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம்னு மெக்கானிக் சொல்றார். பண்ணலாமா?

பதில்: வேண்டாம் மேடம், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ஹெரால்டு கூரை போல்ட்டுலதான் நிக்குது, இங்கிலாந்துல ஹெரால்ட மொதல்ல உருவாக்கின டிரையம்ஃப் கம்பெனியே இதே பாடியில கன்வர்டிபிளும் போட்டாங்க, அதனாலதான் எல்லாருக்கும் இந்த ஆசை வருது. ஆனா கம்பெனி கன்வர்டிபிளுக்கு துணிக்கூரை மடங்குற ஃபிரேம், பின்னாடி தகடு எல்லாமே தனி, அதெல்லாம் இல்லாம கூரைய மட்டும் எடுத்தா மழைக்கு ஒதுங்க முடியாத ஒரு வண்டிதான் மிஞ்சும். விஷயம் தெரிஞ்சவர் வந்தா விண்ட்ஷீல்டுக்கு மேல இருக்குற போல்ட் ஓட்டைய பாத்ததுமே ரேட்ட கொறைச்சுடுவார்.

உங்க வண்டி 50 வருஷம் தாண்டியாச்சு, அதனால வின்டேஜ் பதிவுக்கு தகுதி இருக்கு, புதுப் பதிவுக்கு கட்டணம் 20,000, 10 வருஷம் செல்லும். ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் பண்ணாம பழைய உருவத்துலயே இருக்கணும்ங்கறதுதான் அந்த விதியோட முக்கியமான நிபந்தனை, கூரைய எடுத்தா அங்கயே சிக்கல். வின்டேஜ் பதிவு ஆன வண்டிய வாடகைக்கும் விடக்கூடாது, தெனமும் ரோட்டுல ஓட்டவும் கூடாது.

இப்போதைக்கு செலவு பண்றதா இருந்தா அடியில பண்ணுங்க. ஹெரால்டு பழைய காலத்து மாதிரி தனி சேசிஸ் வண்டி, பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்குற கைங்கதான் மொதல்ல துருப்பிடிக்கும், நம்ம ஊரு ஈரத்துல கொட்டகைத் தரை மண்ணா இருந்தா இன்னும் சீக்கிரம். ஜாக்கி போட்டு தூக்கி சுத்தியலால லேசா தட்டிப் பாக்க சொல்லுங்க. இன்ஜின் 948 சிசி, அது அந்த வண்டியோட சொந்த இன்ஜின்தானான்னு ஆர்சியோட ஒத்துப் பாருங்க, அப்பா வச்சிருந்த பழைய இன்சூரன்ஸ் பேப்பர், சர்வீஸ் பில் எதுவும் பழைய பேப்பர் கடைக்குப் போகாம ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, விக்கிற அன்னிக்கு வாங்க வர்றவர் கேக்கப் போறதே அதத்தான்.