சித்திரைக்கு முன்னாடி எடுத்துடலாமா?

அக்கா, எனக்கு 36 வாரம் முடிஞ்சிருக்கு, டேட் மே 2 குடுத்திருக்காங்க. ஆனா எங்க மாமியார், சித்திரையில பிள்ள பொறந்தா குடும்பத்துக்கு ஆகாது, பங்குனி முடியறதுக்குள்ள நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் பண்ணிடலாம், ஒன்பது மாசம் ஆயிடுச்சே, குழந்தை உள்ள சும்மாதானே தூங்குதுங்கறாங்க. என்ன சொல்லட்டும்?
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

தங்கச்சி, சும்மா தூங்கலன்னு மொதல்ல சொல்லுங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா என் பொண்ணு பிரசவத்துக்கு முத்தியால்பேட்டைக்கு வந்திருந்தப்ப, சாயங்காலம் காபி குடிச்சிட்டு டம்ளரை வயித்து மேலயே வெச்சிப்பா, அது டுக் டுக்குனு ஒரே தாளத்துல ஆடும், பாத்தா உள்ள குழந்தைக்கு விக்கல்! காத்தே இல்லாத எடத்துல மூச்சு விடப் பழகிட்டு இருக்கு.

பங்குனி கடைசி, ஏப்ரல் 13ன்னு வெச்சா உங்களுக்கு 37 வாரம் ரெண்டு நாள்தான் ஆகும். காய்கறிக்கடை கவர் ஈரத்துல ஒட்டிக்கிட்டா பிரிக்கவே வராதுல்ல, நுரையீரல்ல காத்துப் பைங்க அப்படி ஒட்டிக்காம இருக்க சர்ஃபாக்டன்ட்னு ஒரு வழவழப்பு வேணும், அது கடைசி வாரம் வரைக்கும் ஊறிட்டேதான் இருக்கும். 35 வாரத்துல மூளை எடை, 40 வாரத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்குதான். உங்க ஒடம்புல இருக்கற நோய் எதிர்ப்பு சக்தியும் இந்த வாரங்கள்லதான் குழந்தைக்கு அதிகமா போய்ச் சேருது. எங்க சொந்தத்துலயே ஒரு குழந்தைய நட்சத்திரம் பார்த்து 37லயே எடுத்தாங்க, மூச்சு வாங்கி நாலு நாள் ஐசியூல, பெத்தவ கண்ணாடி வழியா பார்த்துட்டு நின்னா. நட்சத்திரம் என்னமோ நல்ல நட்சத்திரம்தான்.

மாமியார்கிட்ட அவங்க கணக்குலயே பேசுங்க. பத்து மாசம் சுமந்து பெத்தேன்னுதானே சொல்லுவாங்க? மாசத்துக்கு 28 நாள்னு பத்து மாசம் போட்டா 280 நாள், டாக்டர் சொல்ற 40 வாரமும் அதேதான். என் பேரனும் சித்திரைதான், வந்ததுல எங்க குடும்பத்துக்குப் போனது ராத்திரி தூக்கம் மட்டும்தான்.

பிரஷர், சுகர், தண்ணி கம்மின்னு டாக்டரே சீக்கிரம் எடுக்கச் சொன்னா அது வேற விஷயம், மறுபேச்சு பேசாதீங்க. இன்னொண்ணு, கடைசியில எடம் பத்தாம அசைவு கொறையும்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க. புரளுற விதம் மாறலாம், ஆனா வழக்கமான அசைவு கொறைஞ்ச மாதிரி தோணினா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வண்டிய எடுக்கச் சொல்லுங்க.