வரிசையைக் கலைக்காதீர்கள்: சமையலறை எறும்புக்கு ஒரு மாத வைத்தியம்

கேள்வி: திருச்சியில் இரண்டாம் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து சமையல் மேடையில் வெளிர்மஞ்சள் நிறப் பொடி எறும்பு. சாக்பீஸ் போட்டோம், ஸ்ப்ரே அடித்தோம். மூன்று நாள் ஒன்றையும் காணோம். நாலாம் நாள் பார்த்தால் சமையலறை, குளியலறை, கணினி மேசை, குழந்தையின் கட்டில் என்று நான்கு இடத்தில் வரிசை. குழந்தைக்கு ஒன்றரை வயது. அவளுக்கு ஆபத்து இல்லாமல் இதை ஒழிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் ஸ்ப்ரேயை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு வரிசை நான்கு வரிசையானதற்குப் பெரும்பாலும் அந்த ஸ்ப்ரேதான் காரணம்.

நீங்கள் சொல்லும் நிறத்தையும் அளவையும் வைத்துப் பார்த்தால் இது பாரோ எறும்பாக இருக்க வேண்டும். சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, வயிற்றின் நுனி மட்டும் சற்றுக் கறுத்திருக்கும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். தலை கறுத்து வயிறு வெளிறியிருந்தால் அது வேறு இனம். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்த எறும்பின் குடியிருப்பில் ராணி ஒன்றல்ல, பல. தோட்டத்தில் புற்று வைக்காது. சுவர் விரிசல், சுவிட்ச் போர்டின் பின்பக்கம், பழைய புத்தக அடுக்கு, மடித்து வைத்த அட்டைப்பெட்டி என்று வீட்டுக்குள்ளேயே கூடு கட்டும். ஆபத்து என்று பட்டதும் சில ராணிகளும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் முட்டை, புழுக்களைத் தூக்கிக்கொண்டு பிரிந்துபோய் வேறு மூலையில் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும். ஸ்ப்ரேயில் செத்தது வெளியே இரை தேட வந்த சிறு கூட்டம். உள்ளே இருந்த பெருங்கூட்டம் பிரிந்து பரவிவிட்டது.

அதனால் வரிசையைக் கொல்லக் கூடாது. அந்த வரிசையின் கையிலேயே மருந்தைக் கொடுத்துக் கூட்டுக்குள் அனுப்ப வேண்டும். எறும்பு தான் குடித்ததைத் தன் வயிற்றுப்பையில் கொண்டுபோய் மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாய் ஊட்டும். ராணிக்கும் அப்படித்தான் சாப்பாடு போகிறது. நமக்கு வேண்டிய மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும். குடித்த எறும்பு வழியிலேயே செத்தால் பயனில்லை.

சரி, இன்று இரவு செய்ய வேண்டியது. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஒரு டார்ச்சோடு உட்காருங்கள். ஒரு சின்னத் தாளில் துளி வெல்லப்பாகும், இன்னொன்றில் துளி கடலை எண்ணெயோ கருவாட்டுத் துணுக்கோ வைத்து வரிசைக்குப் பக்கத்தில் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் எதை மொய்க்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் திரும்பிப் போகிறவற்றைப் பாருங்கள். இனிப்புக் குடித்த எறும்பின் வயிறு புடைத்து, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மணிபோல ஒளி ஊடுருவும். அது எந்தத் துளைக்குள் நுழைகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டிய முகவரி. அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் போதும். எறும்பு ஒழிப்பில் பாதி வேலை இந்தப் பார்வைதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இனிப்பை மொய்த்தால் மருந்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். மருந்துக்கடையில் போரிக் பவுடர் கிடைக்கும். கேரம் போர்டில் தூவுவார்களே, அந்தப் பொடியும் பெரும்பாலும் இதுதான். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 20 கிராம் சர்க்கரை, 2 கிராம் போரிக் பவுடர். வழித்து எடுத்த அரை டீஸ்பூன் ஏறக்குறைய 2 கிராம் வரும். நன்றாகக் கரையும் வரை கலக்குங்கள். சீக்கிரம் சாகட்டும் என்று எல்லாரும் பவுடரை அள்ளிப் போடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டிக் கூட்டிக்கொண்டே போனால் எறும்பு வாய் வைக்காது, வைத்தாலும் கூட்டுக்குப் போய்ச் சேராது.

எண்ணெயை, கருவாட்டை மொய்த்தால் சர்க்கரைப் பாகு எடுபடாது. கடையில் கிடைக்கும் எறும்புக்கான ஜெல் அல்லது உணவுப்பொறியை வாங்குங்கள். பாரோ எறும்பின் ருசி மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாரம் ஒருமுறை அந்த இரவுச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.

இப்போது குழந்தை விஷயம். போரிக் பவுடருக்கு மணமில்லை, பார்க்கச் சோடா உப்பு மாதிரியே இருக்கும். வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைக்கு ஆபத்து. கரைசலைத் திறந்த மூடியில் தரையில் வைக்காதீர்கள். இறுக்கமான மூடி உள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில், மேல்விளிம்பை ஒட்டி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் மூன்று நான்கு துளை போடுங்கள். உள்ளே கரைசலில் நனைத்த பஞ்சு. துளைக்குக் கீழே கசியாத அளவுக்கு நனைத்தால் போதும். மூடியை டேப்பால் சுற்றி ஒட்டி, அவள் கை எட்டாத உயரத்தில், வரிசை போகும் வழியில் ஒட்டிவிடுங்கள். மேல் அலமாரியின் பின்மூலை, ஜன்னலின் மேல்விளிம்பு, பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் சரிவரும். மிச்சக் கரைசல் பாட்டிலில் ‘விஷம்’ என்று எழுதி, சமையலறைக்கு வெளியே பூட்டி வையுங்கள். தப்பித் தவறிக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

கட்டிலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் இன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அது வெறும் சுண்ணாம்பு அல்ல, பூச்சிக்கொல்லி. தவழ்ந்த கை நேரே வாய்க்குத்தான் போகும். பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் விற்கும் எறும்புப் பொடியும் வீட்டுக்குள் வரவே கூடாது. கட்டிலுக்கு வழி வேறு: சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், போர்வையும் கொசுவலையும் தரையைத் தொடாமல் பாருங்கள், நான்கு கால்களிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸ்லின் தடவுங்கள். பால் வழிந்த துணியை இரவே மாற்றிவிட்டால் அந்தப் பக்கம் வரக் காரணமும் இருக்காது.

மருந்து வைத்த முதல் இரண்டு நாள் எறும்பு முன்பைவிட அதிகமாக வரும். பார்த்தால் பயமாக இருக்கும். அதுதான் நல்ல அறிகுறி. அந்த நேரத்தில் வரிசையைத் துடைக்காதீர்கள், மஞ்சள்தூள், கற்பூரம், வினிகர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். அவை எறும்பை விரட்டும், நமக்கு இப்போது அது வர வேண்டும். பஞ்சை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், கரைசல் புளித்தால் எறும்பு தொடாது. ஒரு வாரத்தில் வரிசை மெலியும். முழுவதும் அடங்க மூன்று நான்கு வாரம் ஆகலாம். புழு, கூட்டுப்புழுவாக உள்ளே இருப்பவை வளர்ந்து வெளியே வரும்வரை மருந்து இருந்தாக வேண்டும். பாதியில் எடுத்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

கணினியிலும் சுவிட்ச் போர்டிலும் எதையும் தெளிக்காதீர்கள். பக்கத்தில் டப்பா வைத்தால் அதுவாக வந்து குடிக்கும்.

ரவை தூவினால் தின்று வயிறு வெடித்துச் சாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்கவே முடியாது, அதன் தொண்டை அவ்வளவு குறுகல். ரவையைத் தூக்கிப்போய்ப் புழுக்களுக்குக் கொடுக்கும், அவை செரித்துக் கொடுப்பதைத் தான் குடிக்கும். நீங்கள் தூவும் ரவை அதன் வீட்டுக்கு மளிகைச் சாமான்.

குளியலறையில் வருவது தண்ணீருக்காக. சொட்டும் குழாயைச் சரிசெய்யுங்கள். பால்கனியில் செம்பருத்தி இருந்தால் இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால், அது சுரக்கும் இனிப்புநீருக்காகவே எறும்பு வரும். சோப்புத் தண்ணீரால் கழுவி, சுவரைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். மின்கம்பிக் குழாய் வழியாக வீடு விட்டு வீடு போகும் எறும்பு இது, அவர்கள் அங்கே ஸ்ப்ரே அடித்தால் அது உங்கள் வீட்டில் வந்து முடியும்.

துளைகளை அடைப்பது கடைசி வேலை. எறும்பு நின்ற பிறகு பழைய பாதைகளைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், அதில் பூசிய வாசனைத் தடம் போக வேண்டும். பிறகு குழாய் நுழையும் இடம், டைல்ஸ் இடுக்கு, ஜன்னல் சட்டம் இவற்றை வெள்ளைச் சிமெண்டாலோ சிலிகானாலோ அடையுங்கள். வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒன்றையும் காணாமல் இரண்டு வாரம் போனபின், அதே நான்கு இடத்தில் இரவு ஒரு துளி வெல்லப்பாகும் ஒரு துளி எண்ணெயும் வைத்துப் பாருங்கள். காலையில் வைத்தது வைத்தபடி இருந்தால் டப்பாக்களைக் கழற்றிவிடலாம்.