மன்னர்களையும் போர்களையும் விட்டுவிட்டுப் பார்த்தால், உலக வரலாற்றில் உங்களைக் கவர்ந்த நாகரிகம் எது? ஏன்?

என் பதில் அசீரியா. வரலாறு படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். போரை விட்டுவிட்டுச் சொல் என்றால், போருக்கென்றே பேர்போனவர்களைச் சொல்கிறானே என்பார்கள். நியாயம்தான். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லாகீஷ் முற்றுகைச் சிற்பங்கள் இருக்கின்றன. கி.மு. 701இல் அசீரிய மன்னன் செனகெரிப் யூதேயாவில் அந்த ஊரைப் பிடித்த கதை அது. பிடிபட்டவர்களைக் கழுவேற்றியதையும் தோலுரித்ததையும் செதுக்கி, அரண்மனைச் சுவரில் அலங்காரமாக வைத்துக்கொண்ட கூட்டம்.

நான் சொல்வது இவர்களை அல்ல. இவர்களுக்கு ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்னால் அசீரியாவின் தாய் நகரமான அசூரில் இருந்தவர்களை. அப்போது அசூர், இன்றைய வட ஈராக்கில் டைகிரிஸ் கரையிலிருந்த ஒரு நடுத்தர ஊர். பேரரசெல்லாம் கிடையாது. ஊரை ஆண்டவர் தன்னை ராஜா என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ராஜா என்றால் அது அசூர் என்கிற தெய்வம்தான். தான் அந்தத் தெய்வத்தின் காரியஸ்தர் மட்டுமே என்றுதான் முத்திரையில் போட்டுக்கொண்டார். ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டுக்கே அவர் பெயரை வைத்தார்கள். வரி, எடை, அளவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட நகரக் கச்சேரி அவர் பொறுப்பு. அந்த ஊருக்குப் பிழைப்பு ஒன்றே ஒன்றுதான்: வியாபாரம்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறவன். அதனால்தான் இந்த ஆட்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். இவர்கள் விட்டுப்போனது காவியமோ கோபுரமோ அல்ல. பில், சிட்டை, கடன் பத்திரம், வீட்டுக் கடிதம், இவைதான். எல்லாம் களிமண் பலகையில்.

இதில் ஒரு வேடிக்கை, அவை கிடைத்தது அசூரில் இல்லை. அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளி, நடுத் துருக்கியில் கய்சேரிக்குப் பக்கத்தில் கூல்தெபே என்ற மண்மேட்டில். பழைய பெயர் கனேஷ். 1880களிலேயே அந்தப் பக்கத்துப் பலகைகள் பழம்பொருள் சந்தையில் விற்பனைக்கு வரத் தொடங்கிவிட்டன. எங்கே தோண்டி எடுக்கிறார்கள் என்பதை மட்டும் ஊர்க்காரர்கள் வாயே திறக்கவில்லை. 1925இல் செக் நாட்டு அறிஞர் பெட்ரிச் ஹ்ரோஸ்னி வந்து மேட்டைத் தோண்டு தோண்டு என்று தோண்டினார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் உள்ளூர் ஆள் மூலமாகத்தான் விஷயம் கசிந்தது: பலகைகள் மேட்டில் இல்லை, அடிவாரத்து வயலில். அங்கேதான் அசூர் வணிகர்கள் குடியிருந்த பேட்டை இருந்தது. அதற்குப் பெயர் காரும். படகுத்துறை என்று பொருள். கனேஷில் துறையும் இல்லை, துறை வைக்கிற அளவுக்கு ஆறும் இல்லை. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் போன இடத்துக்கெல்லாம் தங்கள் ஊர்ச் சொல்லைக் கூடவே தூக்கிப்போயிருக்கிறார்கள். 1948 முதல் துருக்கியின் தக்சின் ஒஸ்குச் பல பத்தாண்டுகள் அங்கே அகழ்ந்தார். இதுவரை கிடைத்த பலகைகள் 20,000க்கும் மேல். பெரும்பகுதி கி.மு. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

சரி, என்ன வியாபாரம்? வெள்ளீயமும் துணியும். செம்போடு பத்தில் ஒரு பங்கு அளவில் வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம். அனதோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், செம்பு நிறைய இருந்தது, வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு. அசூருக்கு அது கிழக்கிலிருந்து வந்தது. அதை வாங்கிக் கழுதையில் ஏற்றி ஆறு வாரம் நடந்து கனேஷில் விற்றார்கள். குளிர்காலத்தில் மலைவழி பனியில் அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் எல்லாம் நிற்கும்.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு கழுதைக்கு 130 மினா வெள்ளீயம். ஒரு மினா நம் அரைக் கிலோ, ஆக 65 கிலோ. மினாவுக்கு 60 ஷெக்கல். அசூரில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்குப் பதினைந்து ஷெக்கல் வெள்ளீயம் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு பாரத்தின் கொள்முதல் 520 ஷெக்கல் வெள்ளி, அதாவது நாலே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கனேஷில் அதே ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு ஏழு ஷெக்கல்தான் கொடுப்பார்கள். விற்றுவரவு ஒன்பது கிலோவைத் தாண்டிவிடும். அசூரை விட்டுக் கிளம்பும்போது 120இல் ஒரு பங்கு வரி. கனேஷ் அரண்மனைக்குத் துணியில் நூற்றுக்கு ஐந்து, வெள்ளீயத்தில் 65 மினாவுக்கு இரண்டு மினா. போதாததற்குத் துணியில் பத்தில் ஒரு பங்கை அரண்மனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வழிச்செலவு, ஆள் கூலி, தீவனம் எல்லாம் போனாலும் கையில் நிற்கும். திரும்பி வரும்போது சுமை வெறும் வெள்ளியும் தங்கமும்தானே. அதற்கு இத்தனை கழுதை எதற்கு? பெரும்பாலானவற்றை அங்கேயே விற்றுவிடுவார்கள். அந்த இடத்தைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். வண்டியையும் சேர்த்து விற்றுவிட்டு வருகிற வியாபாரி!

முதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை அசத்திய விஷயம். நருக்கும் என்று ஒரு ஏற்பாடு. சொல்லுக்குப் பொருள் பை. பத்துப் பதினைந்து பேர் ஆளுக்குக் கொஞ்சம் தங்கம் போட்டு ஒரு வணிகரின் பையை நிரப்புவார்கள். அமூர்-இஷ்தார் என்பவரின் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. மொத்த முதல் 30 மினா தங்கம், தவணை 12 வருஷம், லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. நடுவில் யாராவது பணத்தைத் திருப்பிக் கேட்டால், ஒரு மினா தங்கத்துக்கு நாலு மினா வெள்ளி மட்டும் கிடைக்கும், லாபம் கிடையாது. அன்றைய சந்தையில் தங்கத்தின் விலை அதைப்போல இரண்டு மடங்கு. முன்கூட்டி எடுத்தால் கழிவு என்று இன்றைய வைப்புத்தொகைப் படிவத்தில் பொடி எழுத்தில் போடுகிறார்களே, அதே ஷரத்து. கூட்டுப் பங்கு முதலீடு ஐரோப்பாவில் 1600களில் பிறந்தது என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை எழுதியவர் இந்தப் பலகையைப் பார்த்திருக்க வேண்டும்.

வணிகர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட கடனுக்கு, காரும் விதித்த வழக்கமான வட்டி மினாவுக்கு மாதம் ஒன்றரை ஷெக்கல். நம் பாஷையில் இரண்டரை வட்டி. எங்கள் கடைவீதியில் இன்றைக்கும் இந்த எண் யாருக்கும் அதிர்ச்சி தராது.

அப்புறம் கடிதங்கள். எனக்கு இதில் உயிரே கடிதங்கள்தான். உள்ளங்கையில் அடங்குகிற பலகை, அதன் மேல் களிமண்ணாலேயே உறை, உறைமேல் உருளை முத்திரை. சொல்ல வந்தது ஒரு பலகையில் அடங்காவிட்டால் சின்னத் துண்டுப் பலகை ஒன்றும் உள்ளே இருக்கும். அவர்கள் பயன்படுத்திய எழுத்துகள் 150, 200 போல்தான், அதனால் எழுத்தரைத் தேடாமல் வணிகர்கள் பலர் தாங்களே எழுதினார்கள். பெண்களும் எழுதியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

துணி நெய்தது வீட்டுப் பெண்கள். அசூரில் மனைவி, மகள், வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் தறியில். கனேஷில் இருக்கும் ஆண் விற்பான். பூசூர்-அசூர் என்ற வணிகர் வக்கூர்தும் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், துணி எப்படி வேண்டும் என்று வரிவரியாக இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் வார வேண்டும்; நெசவு இன்னும் அடர்த்தியாக இருக்க வேண்டும்; நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம். போன தீபாவளிக்கு எங்களிடம் சரக்கு எடுத்த ஒருவர் பன்னா, அதாவது துணியின் அகலம், இரண்டு அங்குலம் குறைகிறது என்று ஒரு பேல் முழுவதையும் திருப்பி அனுப்பினார். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் இந்தக் கடிதத்தைப் படித்தேன். நாலாயிரம் வருஷமாக இதே பஞ்சாயத்துத்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல்.

நெய்கிறவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. கனேஷின் பெரிய வணிகர் பூசுகேன். அசூரில் அவர் மனைவி லமாசி. நீ அனுப்புகிற துணி சரியில்லை என்று பூசுகேன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார் போல. லமாசி பதிலுக்கு வெடிக்கிறாள்: உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் துணியைக் குறை சொல்கிற அந்த ஆள் யார்? ஒவ்வொரு நடையிலும் உங்கள் வீட்டுக்குப் பத்து ஷெக்கல் வெள்ளியாவது சேரட்டும் என்று நான் இங்கே பாடுபடுகிறேன்! தாரம்-கூபி என்ற இன்னொரு மனைவியின் கடிதம் இதைவிடச் சூடு. வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய், ஊரில் பஞ்சம் வந்தபோது ஒரு படி வாற்கோதுமைகூட எனக்கு விட்டுவைக்கவில்லை என்கிறாள்.

இந்த ஆண்களை நல்லவர்கள் என்று சொல்லவில்லை. அசூரில் ஒரு மனைவி, அனதோலியாவில் இன்னொருத்தி என்று வைத்துக்கொள்ள வழக்கம் இடம்கொடுத்தது. ஒரே ஊரில் ஒரே தகுதியில் இருவர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கடத்தலும் உண்டு. வரிக்குப் பயந்து குறுக்குப் பாதையில் சரக்கு கொண்டுபோவதற்கு அவர்களிடம் தனிப் பெயரே இருந்தது. ஒருமுறை யாரோ பூசுகேனுக்கு அனுப்பிய கள்ளச் சரக்கு பிடிபட்டு, அரண்மனை ஆட்கள் அவரைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். காவல் பலமாக இருக்கிறது, எல்லா ஊருக்கும் ராணி ஆள் அனுப்பியிருக்கிறாள், தயவுசெய்து இப்போதைக்கு எதையும் கடத்தாதே என்று ஒருவர் அவசரமாக எழுதிய கடிதமும் இருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள்: இப்போதைக்கு என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். ஆனால் கடிதத்தின் தொனி அதுதான்.

மென்மையான ஆட்களும் அல்ல. அசூர்க்காரர்கள் தங்களுக்குள் தங்கம் விற்கலாம். அக்காடியன், அமோரியன், சுபாரியன் என்று வெளியார் யாருக்காவது விற்றால் உயிர் மிஞ்சாது என்று கல்லில் சட்டம் வைத்திருந்தார்கள். பிற்காலத்துக் கடுமை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்களுக்கு இது ஒரு நுனி. நான் அதை ரொம்ப இழுக்க மாட்டேன். வியாபாரப் போட்டியில் பிறந்த சட்டம் வேறு, செனகெரிப்பின் சுவர் வேறு.

இன்னொன்று, மொழி ஆர்வலர்களுக்காக. இந்த வணிகர்களின் கணக்குகளில் உள்ளூர்ச் சொற்கள் சில நுழைந்திருக்கின்றன. பின்னாளில் அனதோலியாவில் பேரரசு அமைத்த இட்டைட்டுகளின் மொழிக்கு, அதாவது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக்கே, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய தடயம் அவைதான். பின்னாளில் இட்டைட்டுகள் தங்கள் மொழியை நெசா மொழி என்றே அழைத்தார்கள். நெசா என்பது கனேஷின் இன்னொரு பெயர்.

காரும் ஒரு நாள் தீயில் அழிந்தது, சுமார் கி.மு. 1835இல். பேட்டை எரிந்தது, கடிதங்கள் பிழைத்தன. களிமண் வேறு என்ன செய்யும்?

லமாசியின் ஒரு வரி மட்டும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நீங்கள் போன பிறகு சாலிம்-அகும் இரண்டு தடவை வீடு கட்டிவிட்டான், நாம் எப்போது கட்டப்போகிறோம் என்று கேட்கிறாள். கேள்வி கனேஷுக்கு வந்து சேர்ந்தது, அதனால் நமக்குக் கிடைத்தது. கனேஷிலிருந்து பதில்கள் போன இடம் அசூர். அங்கே அந்தக் காலத்து வணிகர் வீடுகள், பிற்காலப் பேரரசின் கட்டடங்களுக்கு அடியில் கிடக்கின்றன.