தூங்குகிற அம்மாவுக்கு எதற்கு நார்வே?

கேள்வி: ஆஸ்லோவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஊரிலிருந்து அம்மா (வயது 71) வருகிறார். அவருக்கு நார்வேயைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. ஒன்பது நாள் லீவு. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் எலக்ட்ரிக் காரில் கிளம்பி பெர்கன், ஃப்ளோம், கெய்ராங்கர், ட்ரோல்ஸ்டிகன், ஓலசுண்ட், ட்ரொண்ட்ஹைம், லோஃபோடன் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். நான் மட்டும்தான் ஓட்டுவேன். வளைவுப் பாதை என்றால் அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி வரும். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு பின் சீட்டில் தூங்கிவிடுவார், அதில் பிரச்சினை இல்லை. லோஃபோடனுக்கு இரண்டு நாள் போதுமா, மூன்று வேண்டுமா?
— வாசகர், ஆஸ்லோ

பதில்: லோஃபோடன் தீவுகள் இருக்கட்டும். "தூங்கிவிடுவார், அதில் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, யாருக்குப் பிரச்சினை இல்லை? ஸ்டியரிங் பிடிக்கிற உங்களுக்கு. அம்மாவுக்குக் காட்டத்தான் பயணம் என்று மேலே எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி அவரைத் தூங்க வைத்துவிட்டீர்கள்.

ட்ரோல்ஸ்டிகனில் 11 கொண்டை ஊசி வளைவுகள். கெய்ராங்கர் பக்கம் 'கழுகுப் பாதை'யில் இன்னும் 11. இருபத்திரண்டிலும் அம்மா கண் மூடியிருப்பார். வியூபாயிண்ட் வந்ததும் எழுப்புவீர்கள். சால்வையைப் போர்த்தி, கம்பி ஓரம் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவீர்கள். அப்புறம் மறுபடி பெல்ட்டை மாட்டித் தூங்க வைப்பீர்கள். பார்சல் கொண்டுபோவது இப்படித்தான். பெற்றவளை இப்படிக் கூட்டிப்போகக் கூடாது. டிக்கெட்டும் விசாவும் எடுத்துக் கொடுத்ததோடு மகன் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு என்றைக்குமே ஒத்துப்போனதில்லை.

அந்த மாத்திரையும் நீங்கள் நினைப்பது போலச் சாதுவானதல்ல. நம்மூரில் பஸ் வாந்திக்குப் போடுவது பெரும்பாலும் ப்ரோமெத்தசின். எழுபது தாண்டியவர்களுக்கு அதன் மயக்கம் மறுநாள் காலைவரைகூட நீளலாம். வாய் வறளும், சிறுநீர் கழிக்கச் சிரமம் வரும், நடை தள்ளாடும், சிலருக்குப் புத்தி குழம்பும். உங்கள் திட்டப்படி கிட்டத்தட்ட ராத்திரிக்கு ஒரு புது ரூம். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு மணிக்குச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கப்போவது அவர். பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவர் என்றால், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள்.

வாந்தி ஏன் வருகிறது? உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது. கண்ணுக்குத் தெரிவதோ முன் சீட்டின் முதுகு மட்டும். இரண்டும் ஒத்துவராதபோது வயிறு புரள்கிறது. பின் சீட்டில் உட்கார வைத்தால் அதைக் கூட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முன் சீட்டு அம்மாவுக்கு, தூரத்து மலையைப் பார்த்தபடி. எலக்ட்ரிக் காரில் இன்னொரு வம்பும் உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி பிடித்து இழுக்கும். ஓட்டுபவருக்குச் சுகம், கூட இருப்பவருக்குக் குமட்டல். சமதளத்தில் அந்த அமைப்பைக் குறைந்த அளவில் வையுங்கள். செங்குத்து இறக்கத்தில் அது தேவை, அங்கே காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல எடுக்கப் பழகுங்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், பூரியும் வேண்டாம். முக்கால் மணிக்கொரு தரம் நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள்.

இதெல்லாம் குட்டிப் பயணத்துக்குத்தான் உதவும். உங்கள் சுற்றோ 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஊர்களுக்கு வெளியே வேக வரம்பு பொதுவாக 80. ஃப்யோர்டு (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல்) ஓரப் பாதையில் சராசரி 60 வந்தால் அதிகம், படகுத் துறையில் வரிசையில் நிற்கும் நேரம் தனி. ட்ரொண்ட்ஹைமிலிருந்து பூடோ மட்டுமே 700 கிலோமீட்டர். அங்கிருந்து லோஃபோடனின் மொஸ்கனெஸுக்குப் படகில் மூன்று மணிக்கு மேல், அதுவும் திறந்த கடலில். வாந்தி வருகிற அம்மாவை அந்தப் படகிலா ஏற்றப் போகிறீர்கள்? லோஃபோடனுக்கு எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பூஜ்யம்.

ஓலசுண்டும் இந்தத் தடவை வேண்டாம். 1904 தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டிய அழகான ஊர்தான். ஆனால் பெர்கனிலிருந்து ராத்திரிக் கப்பலில் போகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்தக் கப்பல் ஸ்டாட் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே தீவுகளின் மறைப்பு கிடையாது, அலை நேராக அடிக்கும்.

காரை வீட்டிலேயே விடுங்கள். ஆஸ்லோவிலிருந்து பெர்கன் ரயிலில் ஏறி, வண்டி போகும் திசையைப் பார்த்த ஜன்னல் சீட்டில் அம்மாவை உட்கார வையுங்கள். 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே ஸ்டேஷன் வரும். ஜூலையிலும் அக்கம்பக்கத்து மலைகளில் பனி கிடக்கும். மிர்டாலில் இறங்கி ஃப்ளோம் ரயில். 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்குகிறது, அதற்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வழியில் ஷோஸ்ஃபொசன் அருவியில் நிறுத்துவார்கள். சாரல் முகத்தில் அடிக்கும், பிளாட்பாரம் ஈரமாயிருக்கும். செருப்பு போதாது, ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

ஃப்ளோமிலோ பக்கத்து அவுர்லாண்டிலோ மூன்று ராத்திரி, மூன்றுக்கும் அதே அறை, அதே கட்டில். சமையலறை உள்ள மரக்குடில் கிடைத்தால் நல்லது. போர்வை, படுக்கை விரிப்புக்குப் பல இடங்களில் தனிக் காசு, வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் ஊரைக் கூட்டும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும், பாலும் தயிரும் சனிக்கிழமையே. ஒன்பது நாளும் காலையில் பெட்டி கட்டி ராத்திரி பிரிக்கும் வேலை உங்கள் மனைவி தலையில்தான் விழுந்திருக்கும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

பிறகு குட்வாங்கனுக்குப் படகு, இரண்டு மணி நேரம். நேரோய்ஃப்யோர்டு மிகக் குறுகிய இடத்தில் 250 மீட்டர் அகலம்தான். இரு பக்கமும் மலை அணைகட்டி நிற்பதால் தண்ணீர் பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். பேட்டரியில் ஓடும் படகும் இருக்கிறது, அதில் டீசல் வாடையும் இல்லை. மேல்தளத்தில் காற்று குளிரும். கம்பளி உள்சட்டை, காதை மூடத் தொப்பி. அங்கிருந்து பஸ்ஸில் வொஸ், வொஸ்ஸிலிருந்து ரயிலில் பெர்கன். பெர்கனில் நாலு ராத்திரி. மழை பெய்யும், காற்றுக்குக் குடை திரும்பிக்கொள்ளும், ரெயின்கோட்தான் சரி. ஃப்ளோயன் மலைக்கு விஞ்ச் ரயில் சில நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும், படி ஏற வேண்டியதில்லை. ப்ரிக்கன் மரவீடுகளுக்கு நடுவே பலகைத் தரை ஈரத்தில் வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ட்ரோல்ஸ்டிகன் வேண்டுமா? அம்மா ஊர் திரும்பியபின் ஆகஸ்டில் போய்வாருங்கள். 2024-ல் பாறை விழுந்து கோடைக்கு நடுவிலேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் "கார்ல போலாமாம்மா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்ங்கப்பா" என்பார், நீங்களும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். போனில் இரண்டு படம் காட்டுங்கள். ஒன்று ட்ரோல்ஸ்டிகன் வளைவுகள், இன்னொன்று ஃப்ளோம் ரயில். எதைத் தொடுகிறார் என்று பாருங்கள். அவர் தொடப்போவது எது என்று எனக்குத் தெரியும், அதனால் டிக்கெட்டை இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஜூலையில் அந்த ரயிலில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.